அரத்தை எடுப்பதற்கு முன்: மவுத் ஆர்கன் ரீடுகள் பற்றிய கேள்வி – பதில்

சென்ற இதழில் மவுத் ஆர்கனைப் பராமரிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில், ரீடுகளை, அதாவது உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் உலோக நாக்குகளை, வீட்டிலேயே திருத்திக்கொள்வது பற்றிய கேள்விகளே மிகுதி. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒரு கட்டை (மேல்நாட்டு C) சுருதியில் பத்துத் துளை மவுத் ஆர்கன் புதிதாக வாங்கியிருக்கிறேன். இரண்டாம் துளையிலும் மூன்றாம் துளையிலும் காற்றை உள்ளே இழுத்தால் சுவரம் இறங்கிக் கரகரக்கிறது. வாங்கிய கடையில் கேட்டால் ரீடு பழுது என்கிறார்கள். நானே திறந்து திருத்தலாமா?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: இப்போதைக்குத் திறக்க வேண்டாம். புதிதாகப் பழகுபவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டு துளைகளும் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். உங்கள் கருவியில் இரண்டாம் துளையை ஊதினால் காந்தாரம், இழுத்தால் பஞ்சமம். மூன்றாம் துளையை ஊதினால் பஞ்சமம், இழுத்தால் நிஷாதம். ஒரே அறையில் இருக்கும் இரண்டு ரீடுகளுக்கு இடையே இரண்டாம் துளையில் மூன்று அரைச்சுவரமும் (ஸ்தாயியின் பன்னிரண்டில் ஒரு பங்கே அரைச்சுவரம்) மூன்றாம் துளையில் நான்கு அரைச்சுவரமும் வித்தியாசம் இருப்பதால், வாய்க்குள் நாக்கின் பின்பகுதி சற்றே உயர்ந்தாலும் இழுக்கும் சுவரம் கீழ்நோக்கி வளைந்துவிடும். பிற்காலத்தில் கமகம் வாசிக்க உதவப்போகும் குணம்தான் தொடக்கத்தில் தொல்லையாகத் தெரிகிறது.

நாக்கைக் கீழே தளர விட்டு, தொண்டையை நன்றாகத் திறந்து, மூச்சு விடும் அளவுக்கு மட்டும் மெல்ல இழுத்துப் பாருங்கள். பழகிய ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வது இன்னும் நல்லது. அவர் வாசிக்கும்போது சுவரம் தெளிவாக வந்தால் கருவியில் குறை இல்லை. அவருக்கும் கரகரத்தால், துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுங்கள். சட்டைப்பையின் நூல் பிசிறு ஒன்று ரீடுக்கும் அது பொருத்தப்பட்ட தகட்டுக்கும் நடுவே சிக்கியிருந்தால்கூட இப்படி ஒலிக்கும். அதற்கும் சரியாகவில்லை என்றால் மட்டும் அடுத்த பதிலுக்கு வாருங்கள்.

கேள்வி: மெதுவாக ஊதினால் நான்காம், ஐந்தாம் துளைகள் ஒலிக்கத் தயங்குகின்றன. ஏழுக்கு மேற்பட்ட துளைகளோ சற்று அழுத்தி ஊதினாலே அடைத்துக்கொள்கின்றன. ரீடின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும் என்கிறார் நண்பர். எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று அளவு சொன்னால் அப்படியே வைத்துவிடுவேன்.
– வாசகர், மன்னார்குடி

பதில்: நண்பர் சொன்னது சரி. ஆனால் நான் ஓர் அளவைச் சொல்லி நீங்கள் அப்படியே வைத்துவிடக்கூடிய காரியம் அன்று இது. உங்கள் மூச்சின் வேகத்துக்கு ஏற்பத்தான் இடைவெளி அமைய வேண்டும். எனக்குப் பொருந்துவது உங்களுக்கு இறுக்கமாக இருக்கலாம்.

பத்துத் துளைக் கருவியில் இருபது ரீடுகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு முனையில் தறையப்பட்ட, மறுமுனை விடுபட்ட மெல்லிய உலோக நாக்கு. அதன் அடியில், ஏறக்குறைய அதன் அளவுக்கே வெட்டப்பட்ட நீண்ட பிளவு தகட்டில் இருக்கும். ஓய்வு நிலையில் ரீடின் நுனி தகட்டை விட்டுச் சற்றே எழும்பி நிற்கும். இந்த எழும்பலைத்தான் இடைவெளி என்கிறோம். காற்று வரும்போது ரீடு பிளவுக்குள் இழுபட்டு, தன் விறைப்பால் மீண்டு, மறுபடியும் இழுபட்டு அதிர்கிறது. இடைவெளி அதிகமானால், அதிர்வு தொடங்குமுன்பே காற்று வீணாக வெளியேறிவிடும். மெல்ல ஊதும்போது உங்கள் நான்காம், ஐந்தாம் துளைகள் தயங்குவது அதனால்தான். இடைவெளி குறைவானால், வேகமாக வரும் காற்று ரீடை ஒரேயடியாகப் பிளவுக்குள் அமுக்கி அதிர விடாமல் நிறுத்திவிடும்; மேல் துளைகள் அடைத்துக்கொள்வது இதனால். உங்கள் ஒரே கருவியில் இரண்டு குறைகளும் இருக்கின்றன.

ரீடின் நுனி எவ்வளவு கனமோ ஏறத்தாழ அவ்வளவு இடைவெளி என்று தொடங்குவது மரபு. ஜெராக்ஸ் தாள் ஒன்று சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம் இருக்கும். மேல் துளைகளின் குட்டை ரீடுகளுக்கு ஒரு தாளோ அதற்குச் சற்று அதிகமோ, கீழ்த் துளைகளின் நீண்ட ரீடுகளுக்கு மூன்று தாள் வரையிலும் என்று வைத்துக்கொண்டு, பிறகு வாசித்து வாசித்துத் திருத்துங்கள்.

உங்கள் கருவி திருகு போட்டதுதானா என்பதை முதலில் பாருங்கள். ஆணி அடித்த பழைய வகையாக இருந்தால் தொடாதீர்கள். மேல்மூடியைக் கழற்றினால் ஊதும் ரீடுகளின் தகடு தெரியும், ஆனால் ரீடுகள் அதன் உட்பக்கம் இருக்கும். கீழ்மூடியைக் கழற்றினால் இழுக்கும் ரீடுகள் வெளிப்பக்கமே தெரியும். நீங்கள் சொல்வது ஊதும் ரீடுகள் என்பதால் தகட்டையும் கழற்றியாக வேண்டும். திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே, கண் மட்டத்தில், பக்கவாட்டாகப் பிடித்துப் பார்த்தால் ரீடுகள் படிப்படியாக உயரம் குறைந்து வரிசையாக நிற்பது தெரியும். அந்த வரிசையில் துருத்திக்கொண்டு நிற்பதும், அமுங்கிக் கிடப்பதும்தான் நீங்கள் தேடும் ரீடுகள்.

துருத்தி நிற்பதைத் தாழ்த்த, பல்குச்சியின் மழுங்கிய முனையால் ரீடின் நடுப்பகுதியைப் பிளவுக்குள் மெல்ல அமுக்கி, ஒரு நொடி பிடித்து, விடுங்கள். அமுங்கிக் கிடப்பதை உயர்த்த, தகட்டைத் திருப்பிப் பிளவின் வழியாக அதேபோல் தள்ளுங்கள். ரீடு தன் பழைய நிலைக்கே திரும்ப முயலும். ஆகவே பலமாக ஒருமுறை தள்ளுவதைவிட, மெல்லப் பலமுறை தள்ளிப் பார்த்துக்கொண்டே வருவது நல்லது. ரீடு தறைந்த முனையிலிருந்து நுனி வரை சீராக எழும்ப வேண்டும். நுனி மட்டும் மடிந்து நிற்பதும், அடிப்பகுதி தூக்கிக்கொண்டு நுனி தாழ்ந்திருப்பதும் தவறு; அடிப்பகுதி தூக்கியிருந்தால் நுனியில் அளவு சரியாக இருந்தும் காற்று அங்கே கசியும்.

பொருத்தும்போது திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். பிறகு ஒவ்வொரு துளையையும் மூச்சளவு காற்றில் ஒருமுறையும், நீங்கள் மேடையில் வாசிக்கும் அதிகபட்ச வேகத்தில் ஒருமுறையும் சோதியுங்கள். இரண்டிலும் ஒலித்தால் போதும். அதற்கு மேல் தொடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுவரத்தை வளைத்து வாசிக்கும்போது அந்த அறையின் இரண்டு ரீடுகளுமே வேலை செய்கின்றன. மூன்றாம் துளையை இழுத்து வளைப்பது கடினமாக இருந்தால், இழுக்கும் ரீடை மட்டுமன்றி, ஊதும் ரீடின் இடைவெளியையும் பார்க்க வேண்டும். அமெரிக்கரான ஹோவர்ட் லெவி பரவலாக்கிய ‘ஓவர்புளோ’ உத்தியில், ஆறாம் துளையை ஊதியே, இழுக்கும் தைவதத்தைவிட அரைச்சுவரம் உயர்ந்த நிஷாதத்தை வரவழைப்பார்கள். அதற்கு இரண்டு ரீடுகளின் இடைவெளியும் வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும். அப்படி வைத்த கருவியில் முரட்டுத்தனமாக ஊத முடியாது.

கேள்வி: எங்கள் வீட்டில் நாயனம் வாசிப்பவர்கள் உண்டு. அதன் ஊதும் முனையான சீவாளியை நனைத்துப் பதப்படுத்திய பிறகே வாசிப்பார்கள். மவுத் ஆர்கனையும் தண்ணீரில் நனைத்தால் நாதம் கூடும் என்கிறார்களே?
– பள்ளி மாணவர், மயிலாடுதுறை

பதில்: கூடாது. சீவாளி காவிரிக் கரையில் விளையும் நாணல் வகைத் தட்டையில் செய்வது. அதன் இரு உதடுகளும் ஈரத்தில் இளகினால்தான் ஒன்றோடொன்று சேர்ந்து அதிரும். மவுத் ஆர்கன் ரீடு உலோகம். அது எதன்மீதும் மோதாமல் பிளவுக்குள் போய்வந்து ஒலிப்பது. ஈரம் அதற்கு எந்தப் பதத்தையும் தராது. மேல்நாட்டில் மரப்பலகை வைத்த கருவிகளைத் தண்ணீரில் முக்கி வாசித்தவர்கள் உண்டு. மரம் ஊறிப் பருத்து, சற்று நேரத்துக்குக் காற்றுக் கசிவை அடைத்ததால் ஒலி கூடியது. பிறகு அதே மரம் காய்ந்து சுருங்கி வெடித்தது, துளைகளைப் பிரிக்கும் மரப்பற்கள் பருத்து உதட்டைக் கிழித்தன. வாசிப்பதற்கு முன் வாயைக் கொப்பளித்துவிட்டு, கருவியைச் சில நிமிடம் கையில் பொத்தி வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். அது போதும்.

கேள்வி: குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறேன். ஒரு கட்டை மவுத் ஆர்கனில் சங்கராபரணம் வருகிறது. சரளி வரிசை வாசிக்க மாயாமாளவகௌளை வேண்டும். ரீடுகளைச் சீவி சுவரத்தை மாற்ற முடியுமா? தம்புராவோடு சேர்த்து வாசித்தால் காந்தாரம் தூக்கலாகக் கேட்பதற்கும் வழி சொல்லுங்கள்.
– இசை ஆசிரியை, திருவையாறு

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மவுத் ஆர்கனை நம் சங்கீதத்துக்குப் பொருந்தாத பொம்மையாக ஒதுக்குவோர் பலர். ரீடில் கொஞ்சம் வேலை செய்தால் அது எவ்வளவு தூரம் வரும் என்பதை அவர்கள் பார்த்ததில்லை.

சீவாமலே கிடைப்பவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறொரு சுவரத்தைச் சட்ஜமாகக் கொண்டு புதிய ராகம் பெறும் கிரகபேதம் தங்களுக்குத் தெரிந்ததே. நான்காம் துளையை இழுத்தால் வரும் ரிஷபத்தைச் சட்ஜமாகக் கொண்டு எட்டாம் துளையின் இழுப்பு வரை போனால் இரண்டு கட்டையில் கரகரப்பிரியா முழுமையாகக் கிடைக்கும். ஆறாம் துளையின் ஊதலிலிருந்து ஒன்பதாம் துளையின் ஊதல் வரை ஐந்து கட்டையில் ஹரிகாம்போதி.

மாயாமாளவகௌளை இந்த வழியில் வராது. ஆனால் நடு ஸ்தாயியில் அதற்கும் சங்கராபரணத்துக்கும் வேறுபடுபவை ரிஷபமும் தைவதமும் மட்டுமே. நான்காம் துளையின் இழுப்பையும் ஆறாம் துளையின் இழுப்பையும் அரைச்சுவரம் இறக்கிவிட்டால், நான்காம் துளையின் ஊதலில் தொடங்கி ஏழாம் துளையின் ஊதலில் முடியும் சரளி வரிசை முழுவதும் கிடைத்துவிடும். புரந்தரதாசர் வகுத்ததாக நாம் போற்றும் அந்தப் பயிற்சிகளுக்கு இரண்டே ரீடுகளில் கை வைத்தால் போதும் என்பது எத்தனை நல்ல வாய்ப்பு! இரண்டுமே இழுக்கும் ரீடுகள் என்பதால் கீழ்மூடியைக் கழற்றினாலே எட்டிவிடலாம். தகட்டைக் கழற்ற வேண்டியதில்லை. தார ஸ்தாயியும் வேண்டுமானால் எட்டு, பத்தாம் துளைகளின் இழுப்பையும் அப்படியே இறக்க வேண்டும்.

இறக்குவது எப்படி? ரீடின் நுனியில் எடை குறைந்தால் சுருதி ஏறும். தறைந்த அடிப்பகுதியில் கனம் குறைந்தால் விறைப்பு தளர்ந்து சுருதி இறங்கும். அரைச்சுவரம் இறக்க அடிப்பகுதியில் நிறையச் சீவ வேண்டியிருக்கும். வாசிக்கும்போது ரீடு அதிக அழுத்தத்தைத் தாங்குவதும், பின்னால் விரிசல் விடுவதும் அந்த இடத்தில்தான். ஆகவே தங்களுக்கு நான் சொல்வது அரத்தை அன்று. சுவரில் படம் ஒட்டப் பயன்படும் புளூ டாக் என்ற பசையில் கடுகைவிடச் சிறிய துணுக்கை எடுத்து, ரீடின் நுனியில், நடுவாக, மெல்லப் பதித்துவிடுங்கள். நுனியில் எடை கூடியதால் சுருதி இறங்கும். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்துக்கொண்டு, துணுக்கைக் கூட்டியும் குறைத்தும் சரியான இடத்தில் நிறுத்தலாம். அது ரீடின் அகலத்தைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். பிளவின் ஓரத்தையோ மூடியையோ தொட்டால் சலசலக்கும். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம், ரீடு பழையபடியே இருக்கும். ஈரத்தில் எப்போதாவது உதிரும் என்பதால், பல மாதம் வாசித்துப் பார்த்து மனம் நிறைந்தபின், அதே இடத்தில் ஈயப் பற்று வைக்கத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். இவ்வாறு இறக்கிய நான்காம், ஆறாம் துளைகளில் இரண்டு ரீடுகளும் அரைச்சுவர வித்தியாசத்துக்கு வந்துவிடுவதால், சுவரத்தை வளைக்கும் இடம் குறைந்துவிடும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

காந்தாரம் தூக்கலாகக் கேட்பதாகத் தாங்கள் எழுதியது செவியின் நுட்பத்தைக் காட்டுகிறது. ஓர் அரைச்சுவரத்தை நூறு சென்ட்டாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். பல கருவிகளில் காந்தாரம் சட்ஜத்திலிருந்து 400 சென்ட்டில் அமைக்கப்பட்டிருக்கும். தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரமோ 386 சென்ட் அளவில் நிற்கும். பதினான்கு சென்ட் இறக்கினால் இரண்டும் ஒட்டிவிடும். இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு அரம் தகும். மோட்டார் மெக்கானிக்குகள் சிறு சந்துகளை அளக்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜில் மிக மெல்லிய இதழை ரீடின் அடியில் செருகித் தாங்கல் கொடுத்து, தறைந்த முனைக்குச் சற்றுத் தள்ளி, நைசான உப்புத்தாள் ஒட்டிய குச்சியால் ரீடின் நீளவாக்கில் மட்டும் இரண்டு மூன்று இழுப்பு. குறுக்கே தேய்த்த கீறல் பிற்காலத்தில் முறிவாக மாறும். தேய்த்த சூடு தணிந்து ரீடு நிலைபெறச் சற்று நேரம் விட்டுவிட்டு, மூடியைப் பொருத்தி, வாசித்து, தம்புராவோடு கேளுங்கள். செயலி காட்டும் எண்ணைவிடத் தங்கள் காதே இங்கு முடிவான அளவுகோல்.

கல்யாணிக்கும் ஆசை வந்தால், ஐந்தாம் துளையின் இழுப்பை நுனியில் சீவி அரைச்சுவரம் ஏற்றினால் பிரதிமத்திமம் வந்துவிடும். ‘கன்ட்ரி டியூனிங்’ என்று மேல்நாட்டார் வழங்குவது இந்த ஒரு மாற்றத்தைத்தான்.

கேள்வி: அப்பா வைத்திருந்த இரட்டை ரீடு மவுத் ஆர்கன், 24 துளை வரிசை கொண்டது, பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்தது. தகடெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. சில சுவரங்கள் இனிமையாக அலையாமல் நடுங்குகின்றன. ஒரு சுவரம் நன்றாகவே இறங்கிவிட்டது. மீட்க முடியுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பெரும்பகுதியை மீட்கலாம். உப்புக் காற்றில் பித்தளை களிம்பு பூப்பது இயல்பு. ஆனால் குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ரீடின் கனம் குறைந்து சுருதி கலைந்துவிடும். தகடுகளை மட்டும் தனியே கழற்றி, தண்ணீர் கலந்த வினிகரில் சில நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசி, மென்மையான பிரஷால் தறைந்த முனையிலிருந்து நுனி நோக்கி மட்டும் வருடி, நன்கு உலர்த்துங்கள். எதிர்த்திசையில் வருடினால் நுனி மாட்டிக்கொண்டு ரீடு வளைந்துவிடும்.

இந்த வகையில் ஒரு சுவரத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு ரீடுகள் உண்டு. ஒன்று 440, மற்றது 444 அதிர்வெண் என்றால், நொடிக்கு நான்கு அலை கேட்கும். அந்த வேறுபாடு கூடிப்போனால் அலை நடுக்கமாகிவிடும். ஒரு ரீடின் அடியில் தாள் கீற்றைச் செருகி அதை அமைதிப்படுத்தி, மற்றதை மட்டும் ஒலிக்கச் செய்து, எது விலகியது என்று கண்டுபிடியுங்கள். விலகியதை மட்டும் திருத்துங்கள். இரண்டையும் தொட்டால் எதற்கு எதை ஒட்டுவது என்று தெரியாமல் போய்விடும். ஸ்தாயி ஏற ஏற அதே நான்கு அலைக்குத் தேவைப்படும் சென்ட் வேறுபாடு குறைந்துகொண்டே வரும்: 440-இல் சுமார் 16 சென்ட், 880-இல் சுமார் 8 சென்ட். எல்லாச் சுவரங்களுக்கும் ஒரே சென்ட் வேறுபாட்டை வைத்தால் மேல் ஸ்தாயி கீச்சிடுவது இதனால்தான். ஒரு ஜோடியின் இரண்டு ரீடுகளுக்கும் இடைவெளி சமமாக இருக்கட்டும்; இல்லையேல் மெல்ல ஊதும்போது ஒன்று முந்தி ஒலிக்கும்.

நன்றாகவே இறங்கிவிட்ட அந்த ஒரு சுவரத்தைப் பற்றித்தான் கவலை. அழுக்கும் களிம்பும் நீங்கிய பிறகும் அது இறங்கியே இருந்தால், ரீடின் அடியில் விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். நுனியைச் சீவி ஏற்றினால் சில நாள் ஒத்துழைத்துவிட்டு மறுபடி இறங்கும். அந்த ரீடை மாற்றுவதே வழி. அதே வகைப் பழைய கருவி ஒன்றிலிருந்து எடுத்த ரீடைத் தறைந்து தரக்கூடியவர், ஆர்மோனியம் பழுதுபார்ப்போரில் கிடைப்பார். ஆர்மோனிய ரீடும் இதே குடும்பம்தான்.

கேள்வி: ரீடின் இருபுறமும் உள்ள பிளவின் ஓரத்தை நாணயத்தால் தேய்த்தால் காற்று வீணாகாது என்கிறார்களே, செய்யலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: உண்மையில் பலன் தரும் வேலை. ஓரத்தின் பித்தளை நூலிழை அளவு உள்நோக்கி நகர்வதால் ரீடுக்கும் பிளவுக்கும் நடுவேயுள்ள சந்து குறைகிறது. மெல்லிய மூச்சுக்கும் ரீடு உடனே பேசும். ஆனாலும் இடைவெளியைச் சரிசெய்யப் பழகி, கை நிதானப்பட்ட பிறகே இதற்கு வர வேண்டும். வழவழப்பான விளிம்புள்ள நாணயத்தைப் பிளவின் நீளவாக்கில் மிக லேசாக ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ரீடை விரலால் சுண்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று தெளிவாக ஒலித்தால் தொடரலாம். ‘சர்’ என்றால் ஓரத்தில் உரசுகிறது, மெல்லிய பிளேடால் அந்த இடத்தை மட்டும் வழித்துவிட வேண்டும். தறைந்த முனைக்கு அருகில் தேய்க்காமல் விடுவது நல்லது. அங்கே உரசினால் எடுப்பது கடினம். துருப்பிடிக்காத எஃகு ரீடு வைத்த ஜெர்மானிய ‘சைடல் 1847’ போன்ற கருவிகளில் ரீடு பிளவின் ஓரத்தைவிடக் கடினமானது என்பதால் இன்னும் கவனம் தேவை.

கேள்வி: மார்கழி விடியலில் கோயிலில் திருப்பாவை வாசிக்கிறேன். எல்லா அரைச்சுவரங்களும் தரும், பொத்தான் வைத்த குரோமாட்டிக் கருவி. தொடக்கத்தில் சில சுவரங்கள் ‘பட்’டென்று ஒட்டிக்கொண்டு தாமதமாக ஒலிக்கின்றன. இடைவெளியைக் கூட்டலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: வேண்டாம், ரீடில் குற்றமில்லை. குரோமாட்டிக் கருவியில் எதிர்ப்பக்கக் காற்று வீணாகாமலிருக்க ரீடுகளின் பிளவுகளை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் வால்வுகள் உண்டு. குளிர்ந்த தகட்டில் மூச்சின் ஈரம் படிந்து வால்வைத் தகட்டோடு ஒட்டவைக்கிறது. வீட்டிலிருந்து புறப்படும்போதே கருவியை உட்சட்டைப் பையில் வைத்து உடற்சூட்டிலேயே கொண்டுபோங்கள். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு ஒட்டினால், மூடியைக் கழற்றி, வால்வுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய டிஷ்யூ தாள் கீற்றைச் செருகி, வால்வை லேசாக அழுத்தியபடி கீற்றை உருவுங்கள். ஈரமும் எச்சில் படிவும் தாளோடு வந்துவிடும். வால்வு சுருண்டோ மேல்நோக்கி வளைந்தோ இருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.